எக்ஸ் என்றால் அஞ்சு

அந்த வருஷம் ஏழாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் எக்ஸ் என்றால் அஞ்சு. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அஞ்சு. அதுதான் நடந்தது. இதை நூற்றாண்டு மலரில் போடுவாயா? போட மாட்டாய். அப்புறம் எதற்கு வந்தாய்?

உட்கார். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்கார். போனை அங்கே வை. பதிவாகிறதா? சரி.

நீ எந்த வருஷம் நம் பள்ளியில் படித்தாய்? அப்படியா. உனக்கு நான் கணக்கு எடுக்கவில்லை. நல்லது. எடுத்திருந்தால் இப்படி எதிரே உட்கார்ந்திருக்க மாட்டாய்.

கையில் என்ன, விசிட் புக் நகலா? "கணித ஆசிரியர் திரு. வெள்ளைச்சாமி இயற்கணிதத்தைப் புதுமையான முறையில்..." படிக்காதே. எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற அன்றைக்கு சால்வை போர்த்திவிட்டு மைக்கில் வாசித்தார்கள். இப்போது மலரில் என் படத்துக்குக் கீழே அச்சடிக்கப் போகிறீர்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதானே?

போட முடியாது, தம்பி. ஏன் என்று கேட்காமல் நீ போக மாட்டாய். சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

முதலில் என் முறையைத் தெரிந்துகொள். முப்பத்துமூன்று வருஷம் இதே முறைதான். பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வருகைப் பதிவேட்டில் உள்ள எண்தான். "பதினேழு, எழுந்திரு." "முப்பது, போர்டுக்கு வா." ஒரு வகுப்பில் மூன்று பிரியா, இரண்டு கார்த்திக். இனிஷியல் சொல்லிக் கூப்பிட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுந்து நிற்பதற்குள் மணி அடித்துவிடும். எண்ணில் குழப்பம் கிடையாது.

அடுத்தது, நோட்டுத் திருத்துவது. எனக்குப் பொறுமை குறைவு. அதனால் சமன்பாடு பாடம் நடத்தும்போது எல்லாக் கணக்குக்கும் விடை ஒன்றே வருகிற மாதிரி போடுவேன். 2x + 3 = 13. அஞ்சு. 4x − 7 = 13. அஞ்சு. 7x − 15 = 20. அதுவும் அஞ்சு. பக்கத்தைத் திறந்ததும் தெரிந்துவிடும். அஞ்சா, டிக். அஞ்சு இல்லையா, பெருக்கல் குறி. அஞ்சாறு நிமிடத்தில் நாற்பத்தொரு நோட்டும் முடிந்துவிடும். மற்ற டீச்சர்கள் பஸ் வருகிறவரை குனிந்துகொண்டே கிடப்பார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் எனக்கு அஞ்சு சார் என்று பேர் வைத்திருந்தார்கள். அஞ்சு நிமிடத்தில் திருத்துகிறேன் என்று வைத்திருப்பார்கள்.

சிரிக்காதே. விடை தெரிந்துவிட்டால் பிள்ளைகள் போடாமலே எழுதிவிட மாட்டார்களா என்று கேட்கப்போகிறாய். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். முப்பத்துமூன்று வருஷத்தில் ஒருத்தனும் அப்படிச் செய்ததில்லை. எல்லாரும் முழு மார்க் வாங்கினார்கள்.

ஒரே ஒரு தடவை தகராறு. அந்த வருஷம் ஆகஸ்டில். போர்டில் 3x + 2 = 20 என்று எழுதிவிட்டேன். பதினேழு என்று எழுதியிருக்க வேண்டும். மணி அடிக்கிற நேரம், கை தவறிவிட்டது. அதொரு பெரிய விஷயமா? நாற்பது பேர் அஞ்சு என்றுதான் எழுதினார்கள். இருபத்தாறு மட்டும் ஆறு என்று எழுதியிருந்தாள். பெருக்கல் குறி போட்டேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டாள்.

"சார், ஆறுதான் சார் வருது. போட்டுப் பாருங்க."

"எல்லாருக்கும் அஞ்சு வருது. உனக்கு மட்டும் ஆறா?"

"மூவாறு பதினெட்டு, ரெண்டு சேத்தா இருபது. அஞ்சு போட்டா பதினேழுதான் சார் வருது."

"வாய் பேசாத. போ."

"போட்டு மட்டும் பாருங்க சார்."

ஒரு பீரியடு வராந்தாவில் நிற்க வைத்தேன். அதற்கப்புறம் அவளும் அஞ்சு எழுத ஆரம்பித்தாள். எல்லாவற்றுக்கும் டிக் வாங்கினாள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

நவம்பரில் கல்வி அதிகாரி வந்தார்கள். புதிதாக வந்த அம்மா. காட்டன் சேலை, தோளில் துணிப்பை. நேராக ஏழாம் வகுப்புக்குள் வந்து சாக்பீஸை எடுத்தார்கள். x + 4 = 11. எளிய கணக்கு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இன்னும் கஷ்டமாகக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

முதல் பெஞ்சுப் பையனைக் கேட்டார்கள். "அஞ்சு மேடம்."

அடுத்தவன். "அஞ்சு."

அந்த அம்மா ஒருமுறை போர்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பதினாலைக் கேட்டார்கள். அவன் எப்போதும் முந்திக்கொண்டு எழுந்திருப்பான். "அஞ்சுங்க மேடம்."

"அஞ்சும் நாலும் எவ்வளவு?"

"ஒம்பது."

"இங்க பதினொண்ணுன்னு இருக்கே?"

"அது இருக்கட்டும் மேடம். எக்ஸ் அஞ்சுதான்."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அந்த அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று ஒரு இரக்கம் எல்லார் முகத்திலும். வரிசையாகக் கேட்டார்கள். அஞ்சு, அஞ்சு, அஞ்சு. இருபத்தாறும் எழுந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு மேடம்."

ஹெச்.எம். அறையில் விசிட் புக்கைத் திறந்தார்கள். தேதி எழுதினார்கள். 'ஏழாம் வகுப்பு, கணிதம்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார்கள். பேனா அங்கேயே நின்றது.

"சார், உங்களுக்கு எப்ப ரிட்டையர்மென்ட்?"

"மே மாசம் மேடம்."

"இதுவரைக்கும் உங்க மேல ஏதாவது எழுதியிருக்காங்களா?"

"ஒரு வரிகூட இல்ல மேடம். முப்பத்துமூணு வருஷம்."

பேனாவை மூடினார்கள். "ஜனவரி கடைசில திரும்ப வரேன். நானே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவேன், நானே கணக்குக் கொடுப்பேன். அப்ப எழுதிக்கிறேன்."

பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த இரண்டு புள்ளிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

தம்பி, உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கோடு போட்ட ஒரு நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதானே என்பாய். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீடு, நிலம் இல்லை. நல்ல பேர் ஒன்றுதான் சேர்த்திருந்தேன். 'இவருக்குக் கணக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை' என்று கடைசி வருஷத்தில் ஒருத்தர் மையில் எழுதிவிட்டுப் போனால், மீதி முப்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அதுதான் அர்த்தம். தினமும் காலையில் ஹெச்.எம். அறைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். ஜெயராணி டீச்சர்தான் அப்போது ஹெச்.எம். "சார், அதையே பாத்துட்டிருந்தா ஆச்சா? ரெண்டு மாசம் இருக்குல்ல?" என்பார். மாசக் கணக்கு இல்லை, ஒன்பது வாரம்தான் இருந்தது.

முதல் நாள் வகுப்பில் சொன்னேன். "எக்ஸ் அஞ்சு இல்ல. எக்ஸ் மாறும். அதனாலதான் அதுக்கு மாறின்னு பேரு. புரியுதா?"

"புரியுது சார்."

மறுநாள் உள்ளே நுழைகிறேன். பதினாலு எழுந்து நின்றான். பவ்யமாகக் கேட்டான்.

"சார், இன்னைக்கு எக்ஸ் என்ன சார்?"

நம் ஊரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லி என்ன விலை என்று தெரியாமல் இங்கே ஒருத்தரும் பல் விளக்க மாட்டார்கள். நேற்று ஒன்று, இன்றைக்கு ஒன்று. யாரோ சொல்கிறார்கள், போனில் வருகிறது, எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள். எக்ஸையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மாறும் என்று நான் சொன்னேன் இல்லையா? மாறட்டும், காலையில் வந்து சார் சொல்வார்.

"அப்படி இல்லடா. கணக்குக்குக் கணக்கு மாறும்."

"சரி சார். முகூர்த்த நாள்ல கூடுமா சார்?"

சாக்பீஸை எறிந்தேன். அவன் குனிந்துகொண்டான். பின்னால் இருந்தவன் மேல் விழுந்தது.

விடை ஏழு வருகிற மாதிரி நாலு கணக்குப் போட்டேன். முதல் கணக்கைப் பாதி வகுப்பு தட்டுத்தடுமாறிப் போட்டது. பெஞ்சு பெஞ்சாகச் செய்தி போயிற்று: "இன்னைக்கு ஏழுதானாம்." மற்ற மூன்றுக்கும் எல்லாரும் ஏழு எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஒவ்வொன்றுக்கும் வேறு விடை வைத்தேன். யாரும் பேனாவையே எடுக்கவில்லை. "என்னடா, ஏன் போடல?" "நீங்க இன்னும் சொல்லலையே சார்."

பிள்ளைகள் மேல்தான் தப்பு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி இல்லை.

பக்கம் மாற்றுவதை ஒரு வாரம் நடத்தினேன். சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். பத்துத் தடவை எழுதச் சொன்னேன். "ஏன் சார் மாறணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "மாறும். அவ்வளவுதான்" என்றேன். இதைவிட எப்படி விளக்குவது? நோட்டை வாங்கிப் பார்த்தால் எல்லாவற்றையும் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள். எக்ஸை மாற்றியிருக்கிறார்கள். ஒருத்தன் சமக்குறியையே மாற்றியிருந்தான். பக்கத்தின் கடைசியில் எல்லாம் மாறி மாறி வந்து, x = x என்று கோடு போட்டு முடித்திருந்தான். கீழே 'விடை' என்று வேறு எழுதியிருந்தான்.

சரி, சமன்பாடு வேண்டாம், இயற்கணிதக் கோவையிலிருந்து தொடங்குவோம் என்று பின்னால் போனேன். 3x + 2 என்று எழுதி, "இதை இதுக்கு மேல சுருக்க முடியாது" என்றேன். சுருக்கினார்கள். 5x. மறுபடியும் அஞ்சு!

டிசம்பரில் சனிக்கிழமை வகுப்பு வைத்தேன். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனேன். நான், யார் வீட்டு வாசலும் மிதிக்காதவன். ஒரு அம்மா பூக்கூடைக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "சனிக்கிழமை பூ எடுக்க ஆளில்ல சார். அந்தப் பய எக்ஸ்ஸு போட்டு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஆகணும்மா" என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். என்ன நினைத்தாளோ. "அனுப்புறேன் சார்" என்றாள். அனுப்பவும் செய்தாள். அவன் வந்து உட்கார்ந்து, "சார், இன்னைக்கு எக்ஸ் என்ன?" என்றான்.

தூக்கம் போயிற்று. மருத்துவச் சான்று வாங்கி லீவில் போய்விடலாமா என்று ஜெயராணி டீச்சரைக் கேட்டேன். "போங்க சார். அந்தம்மா அப்பயும் வருவாங்க. நீங்க இல்லாமலே எழுதிட்டுப் போவாங்க" என்றார்.

பொங்கல் லீவு முடிந்தது. இன்னும் எட்டு நாள். இப்போது சொல்லப்போவதையும் பதிவு செய்துகொள். அணைக்காதே.

வகுப்புக் கதவைச் சாத்தினேன். "கேளுங்க. அதிகாரி வந்து கணக்குக் கொடுத்ததும் நேரே என்னைப் பாருங்க. நான் அவங்களுக்குப் பின்னால நிப்பேன். எத்தனை விரலை மடக்காம வச்சிருக்கேனோ அதுதான் எக்ஸ். பத்துக்கு மேல போனா மூக்கைத் தொடுவேன், அப்புறம் விரல் காட்டுவேன். பதினஞ்சுன்னா மூக்கு, அஞ்சு விரல்." ஒருமுறை ஒத்திகையும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எல்லாரும் சரியாக விடை சொன்னார்கள். எனக்குமே கொஞ்சம் தெம்பு வந்தது.

இருபத்தாறு எழுந்தாள்.

"சார், அந்தம்மா உங்களை வெளிய நிக்கச் சொல்லிட்டா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மூக்கிலிருந்து கையை எடுக்கவும் மறந்துபோய் நின்றிருந்தேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்துமூன்று வருஷத்தில் வகுப்பில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கோபம் வந்தது. வேறென்ன வரும்? "அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா நீயே வந்து நடத்து" என்று சாக்பீஸை மேஜைமேல் வீசினேன். வர மாட்டாள் என்றுதான் வீசினேன்.

வந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். 2x + 5 = 19 என்று எழுதினாள். திரும்பி, "எக்ஸ் என்னடா?" என்று பதினாலைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான்.

"சாரை ஏன் பாக்குற? அவருக்குத் தெரியாது. நான்தான இப்ப எழுதுனேன்."

"அப்ப நீ சொல்லு."

"எனக்கும் தெரியாது."

"யாருக்குமே தெரியலைன்னா எப்படிடீ?" என்றான் அவன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"காலையில உங்கம்மா பூவைக் கொண்டுபோய்க் கடையில வைக்குது. விலை என்னன்னு யாரு சொல்றது?"

"கடைக்காரரு."

"உங்கம்மா பூ எத்தனை கிலோன்னு யாரு சொல்றது?"

"எவனும் சொல்ல வேணாம். தராசுல வச்சா தெரியுது."

"எக்ஸ் விலை இல்லடா. எடை. அடுத்தவன் வந்து சொல்றது கிடையாது. நாமதான் போட்டுப் பாக்கணும்."

தம்பி, நான் பி.எஸ்ஸி. கணக்கு. பி.எட். நான் அதை அப்படிச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை.

அவள் நிறுத்தவில்லை. "அஞ்சுன்னு தோணுதா? போட்டுப் பாரு." போட்டார்கள். பத்தும் அஞ்சும் பதினஞ்சு. "பத்தொம்பது வந்துச்சா? வரல. விடு. ஆறு போடு." பதினேழு. "ஏழு." பத்தொன்பது. பின் பெஞ்சிலிருந்து ஒரு கத்தல்: "வந்துருச்சு!" யாருக்கோ லாட்டரி விழுந்த மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? "இது முறையே இல்ல. ஒவ்வொண்ணா போட்டுப் பாக்குறதுக்குப் பேரு கணக்கா? எக்ஸ் ஐநூறா இருந்தா என்ன பண்ணுவ? பக்கம் மாத்தணும்."

"மாத்தலாம் சார். முதல்ல எதைத் தேடுறோம்னு தெரியட்டும்" என்றாள். அப்புறம் வகுப்பைப் பார்த்து, "ரெண்டு கூடைப் பூ. ஒரே அளவு. ரெண்டையும் ஒரு சாக்குல கொட்டிக் கட்டியாச்சு. சாக்கு, ஈரம் எல்லாம் சேந்து அஞ்சு கிலோ. மொத்தம் தராசுல பத்தொம்பது. மூட்டையை அவுக்காம சொல்லுங்க, ஒரு கூடையில எவ்வளவு பூ?"

நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தது. "சாக்கைக் கழி!"

சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்று இவர்கள் அம்மாமார் தினமும் கமிஷன் கடையில் சண்டை போடுகிறவர்கள். அந்தக் கழிவு தெரியாத பிள்ளை ஊரில் கிடையாது. மீதி பதினாலு. இரண்டு கூடை. ஏழு. யாரும் பேனாவை எடுக்கவில்லை. அஞ்சு எதற்காக அந்தப் பக்கம் போகிறது, போகும்போது ஏன் கழிகிறது என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஏழு நாள் அவள்தான் நடத்தினாள். நான் நாற்காலியில் இருந்தேன். சத்தம் அதிகமானால் மேஜையைத் தட்டுவேன். அது என் பங்கு.

முப்பதாம் தேதி அந்த அம்மா வந்தார்கள். வகுப்பில் நுழைந்ததும் என்னிடம் திரும்பி, "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்கள். இருபத்தாறு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்டில் அவளை நிற்க வைத்த அதே இடத்தில் நின்றேன். ஜன்னல் வழியாகப் போர்டு தெரிந்தது. 4x − 6 = 22. கழித்தல்! ஏழு நாளும் கூட்டல்தான் போட்டிருந்தார்கள். சாக்கு எப்போதும் கூடத்தான் இருக்கும், குறையுமா? கூப்பிட்டது யாரை? பதினாலை.

"அஞ்சு" என்றான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது. அந்த இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்று ஒவ்வொரு எழுத்தாக எனக்குத் தெரிந்தது.

"இருங்க மேடம், போட்டுப் பாக்குறேன்" என்றான். "நாலஞ்சு இருவது, ஆறு போனா பதினாலு. இல்ல, அஞ்சு இல்ல." நின்றான். போர்டைப் பார்த்தான். காதைச் சொறிந்தான். "ஆறைக் கழிச்சிருக்காங்க... அதிகமாக் கழிச்சுட்டான் மேடம் கடைக்காரன்."

"என்னது?"

"ஆறு கிலோ அநியாயமாக் கழிச்சுட்டான். திருப்பிக் கேட்டா தந்துதான ஆகணும்? இருவத்திரெண்டும் ஆறும் இருவத்தெட்டு. நாலு கூடை. கூடைக்கு ஏழு." பிறகு விரலைத் தூக்கி, "நாலேழு இருவத்தெட்டு, ஆறு போக இருவத்திரெண்டு. வந்துருச்சு மேடம்!"

அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவனே கண்டுபிடித்தது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "யாரு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று வகுப்பைக் கேட்டார்கள். நாற்பது தலையும் ஒரு பக்கம் திரும்பின. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரம் இருந்தது. நிறைய இருந்தது.

இருபத்தாறு எழுந்தாள். "சார்தான் மேடம்" என்றாள்.

அந்த அம்மா அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பொண்ணு பேரென்ன சார்?"

"இருபத்தாறு மேடம்" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தார்கள். பேரை அவளே சொன்னாள். அதிகாரி ஹெச்.எம். அறைக்குப் போய், அந்த இரண்டு புள்ளிக்கு அப்புறம் எழுதினார்கள். உன் கையில் இருக்கிற வரி அதுதான். இதில் அவள் பேர் இருக்கிறதா பார். இருக்காது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். "ஆகஸ்ட் நோட்டைக் கொண்டா" என்றேன்.

"எதுக்கு சார்?"

"கொண்டான்னா கொண்டா."

"இல்ல சார். கிழிச்சுப் பூ மடிச்சுக் குடுத்தாச்சு."

அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட எடுத்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "நேத்து ஏன் சார்தான்னு சொன்ன?"

"இல்லைன்னா உங்களைப் பத்தி எழுதிருப்பாங்கல்ல சார். எழுதிட்டா அப்புறம் அழிக்க மாட்டாங்க." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீங்களே அழிக்கலையே."

போய்விட்டாள்.

அவ்வளவுதான். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை. நீ விசாரி, உனக்குக் கால் இருக்கிறது. படம் வேண்டுமானால் அவளிடம் வாங்கு. என் படத்தை எடுத்துவிடு. அஞ்சு என்று விடை வைத்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், அது வேறு. இந்த வரி என்னுடையது இல்லை.

என்ன, பேரா? தெரியும். அன்றைக்கு அவள் சொன்னபோது காதில் விழுந்தது. அப்புறம் பதிவேட்டை எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். போனை நம்பாதே, காகிதத்தில் எழுது. பெரிய எழுத்தில் போடு.

கா. நாகஜோதி.